குழந்தைக்கு ஆஸ்துமா வருமா? குடும்ப வரலாற்றைக் கேட்டு, எழுதி, பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அடிக்கடி இருமலும் வீசிங்கும் வரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், மருத்துவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்ல யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி இருக்கா?" பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமலேயே "இல்ல டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. யாரையும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஐந்து வயதுக்குக் கீழே ஆஸ்துமாவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையையும் அந்த வயதுக் குழந்தையால் ஒழுங்காகச் செய்ய முடியாது. அதனால் மருத்துவர் மூன்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்: குழந்தையின் அறிகுறிகள், மருந்துக்கு அது காட்டும் மாற்றம், குடும்ப வரலாறு. இதில் மூன்றாவதை உங்களைத் தவிர வேறு யாராலும் கொண்டுவர முடியாது. பைசா செலவில்லாத இந்தப் பரிசோதனையை வீட்டிலேயே சரியாகச் செய்வது எப்படி, வந்த விவரத்தை எப்படி எடைபோடுவது, அதன் பிறகு என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன்: பரம்பரைக்கு எவ்வளவு பங்கு?

தென் அட்லாண்டிக் கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்யா என்றொரு சின்னத் தீவு. 1816-ல் பிரிட்டிஷ் படை ஒன்று அங்கே இறங்கியது. அடுத்த ஆண்டு படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்பவர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். பிறகு வந்து சேர்ந்தவர்களையும் கணக்கெடுத்தால், இன்றைய தீவுவாசிகள் ஏறத்தாழ 15 பேரின் வழிவந்தவர்கள். அந்தப் பதினைந்தில் மூவருக்கு ஆஸ்துமா இருந்ததாகக் கருதப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தீவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். 1990-களில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்திலிருந்து நோ ஜமெல் தலைமையில் போன குழு 282 தீவுவாசிகளைப் பரிசோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்துமாவின் ஏதாவது ஓர் அடையாளம் இருந்தது. தொழிற்சாலைப் புகையோ வாகன நெரிசலோ இல்லாத, கடல்காற்று வீசும் தீவு அது.

இதைப் படித்துவிட்டு "அப்ப எல்லாம் தலையெழுத்துதான்" என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் இந்தியானாவில் ஆமிஷ் மக்களும், தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் மக்களும் வாழ்கிறார்கள். இரு கூட்டத்தாரும் நடு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். மரபணு அளவில் மிக நெருக்கமானவர்கள். சாப்பாடும் குடும்ப அமைப்பும்கூட ஒத்தவை. ஆனால் ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவீதம். 2016-ல் வெளியான ஆய்வு இதற்கான காரணத்தை விவசாய முறையில் தேடியது. ஆமிஷ் வீடுகளில் மாட்டுத் தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும், குழந்தைகள் சிறு வயதிலிருந்தே அங்கே புழங்குவார்கள். ஹட்டரைட் மக்களுக்கு இயந்திரங்கள் ஓடும் பெரிய பண்ணைகள், அவை குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்கும். ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்ப் பொருட்கள் பல மடங்கு அதிகம் இருந்தன. அவை சிறு வயதிலேயே நோய் எதிர்ப்பு மண்டலத்தை வேறு விதமாகப் பழக்கியிருக்கின்றன. (இதற்காக நகரத்து அபார்ட்மென்டில் மாடு வளர்க்கச் சொல்லவில்லை. ஒத்த மரபணு, வேறு சூழல், நான்கு மடங்கு வித்தியாசம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.)

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால், மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, இரண்டு கருமுட்டையில் உருவான இரட்டையரைவிட அதிகம். ஆனாலும் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு வராமல் போகிற ஜோடிகளும் நிறைய. குழந்தைக்கு வந்து சேர்வது நோய் அல்ல, நோய்க்கு இடம்கொடுக்கும் தன்மை.

2007-ல் 17-ஆவது குரோமோசோமில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு மிகத் தெளிவாகத் தொடர்புடைய இடம் அதுதான். அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஆகவே "உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமா வருமா, எச்சில் மாதிரியில் சொல்கிறோம்" என்று யாராவது மரபணுப் பரிசோதனை பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள். இன்றைய நிலையில் அதைவிட உங்கள் மாமியாரின் நினைவு அதிகம் உதவும்.

படி 1: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

முதலில் கேட்க வேண்டியது உங்கள் இருவரையும், குழந்தையின் அண்ணன் அக்காவையும் பற்றி. எடை அதிகம் இங்கேதான். அடுத்து இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி. ஒன்றுவிட்ட உறவுகளைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?" என்று நேரே கேட்டால் "சே சே, எங்க வம்சத்துலயே கிடையாது" என்ற பதில்தான் வரும். பலருக்கு மருத்துவர் அந்தப் பெயரையே சொல்லியிருக்க மாட்டார்; வீசிங், நெஞ்சு சளி, அலர்ஜி இருமல் என்றுதான் சொல்லியிருப்பார். ஊரில் இளைப்பு, இழுப்பு என்பார்கள். எனவே நோயின் பெயரை விட்டுவிட்டு அறிகுறியைக் கேளுங்கள்:

"அத்தை, சின்ன வயசுல மழைக்காலம் வந்தா உங்களுக்கு மூச்சு வாங்குமா? ராத்திரி இருமி எழுந்து உட்காருவீங்களா?"

"மாமா, ஸ்கூல்ல ஓடினா நெஞ்சு இறுக்குற மாதிரி இருக்குமா? ஆஸ்பத்திரியில மூக்குல மாஸ்க் வச்சுப் புகை மாதிரி மருந்து குடுத்திருக்காங்களா?"

ஆஸ்துமாவோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் கூடப்பிறந்தவை இரண்டு. ஒன்று, கைக்குழந்தைப் பருவத்தில் கன்னத்திலும், பிறகு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் சிவந்து அரிக்கும் கரப்பான். இன்னொன்று, காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. "எனக்குச் சைனஸ்" என்று சொல்லும் அப்பாக்கள் பலருக்கு உண்மையில் இருப்பது இந்த மூக்கு அலர்ஜிதான். குடும்பத்தில் இவை மூன்றும் இடம் மாறி மாறி வரும். அம்மாவுக்குத் தும்மல், மாமாவுக்குக் கரப்பான், பிள்ளைக்கு வீசிங் என்று வந்தால் மூன்றும் ஒரே இழைதான். முட்டை, வேர்க்கடலை, இறால் போன்றவை தின்று உடம்பு தடித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் பெண்ணுக்கு வீசிங் இருப்பதைக் கல்யாணம் ஆகும்வரை மறைப்பதும், ஆன பிறகு மாமியார் வீட்டில் இன்ஹேலரை பீரோவுக்குள் ஒளித்து வைப்பதும் இன்னும் நடக்கிறது. மருமகள் போய் "உங்க பக்கம் யாருக்கு இளைப்பு?" என்று கேட்டால் அது பழிசொல்வதாகவே காதில் விழும். அதனால் அவரவர் பக்கத்தை அவரவரே கேட்பது நல்லது. கணவர் தன் அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்கட்டும். "யாரால வந்துச்சு" என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. குழந்தைக்கு வேண்டியது விவரம் மட்டும்தான்.

படி 2: தாத்தாவின் இழுப்பு எந்த இழுப்பு?

இந்தப் படியைத் தவறவிட்டால் கணக்கே மாறிப்போகும். "எங்க தாத்தாவுக்குப் பயங்கர இளைப்பு" என்று தெரியவந்ததும் பலர் பயந்துபோகிறார்கள். முப்பது நாற்பது வருடம் பீடி பிடித்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போன மூச்சிரைப்பு என்றால், அது பெரும்பாலும் புகையால் நுரையீரல் கெட்டதால் வரும் நாள்பட்ட நோய். வாழ்நாள் முழுக்க விறகடுப்பில் சமைத்த பாட்டிக்கும் அதே நோய் வரும். காசநோய் வந்து ஆறிய நுரையீரலிலும், இதயம் பலவீனமானவர்களிடமும் இளைப்பு உண்டு. இவற்றைக் குழந்தையின் ஆஸ்துமாக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பிரித்தறியும் கேள்விகள் எளிமையானவை. எந்த வயதில் தொடங்கியது? வந்து வந்து போனதா, எப்போதும் இருந்ததா? நடுவில் மாதக்கணக்கில் சுத்தமாக நன்றாக இருந்தாரா? பீடி, சிகரெட் உண்டா? சிறு வயதில் தொடங்கி, பருவத்துக்குப் பருவம் வந்துபோய், இடையில் நன்றாக இருந்திருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

படி 3: ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். உறவு, என்ன அறிகுறி, எந்த வயதில் தொடங்கியது, இப்போதும் இருக்கிறதா, இன்ஹேலர் எடுக்கிறாரா, புகைப்பழக்கம் உண்டா. கீழே குழந்தையைப் பற்றி: குறைமாதத்தில் பிறந்ததா, பிறப்பு எடை, இதுவரை எத்தனை முறை வீசிங், ஒவ்வொன்றும் எந்த மாதம், சளிக்காய்ச்சலோடு வந்ததா அல்லது சளியே இல்லாமல் வந்ததா. குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

படி 4: எடைபோடுங்கள்

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கு வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. அப்பாவுக்கு இருந்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். அம்மாவின் எடை கொஞ்சம் அதிகமாக இருப்பதற்கு, கருப்பையில் கிடைத்த சூழலும் சேர்ந்துகொள்வது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. "மடங்கு" என்றதும் பதற வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வருவதில்லை. பெற்றோர் இருவருக்கும் இல்லாமலே ஆஸ்துமா வரும் குழந்தைகளும் ஏராளம்.

குடும்ப வரலாற்றைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிடக் குழந்தையின் உடம்போடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பலன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் 1980 முதல் 1,246 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஆறு வயதுக்குள் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு ஒரு முறையாவது வீசிங் வந்திருந்தது. ஆனால் மூன்று வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. அப்படியானால் யாருக்கு நிலைக்கும்? அதைக் கணிக்க அந்தக் குழு 2000-ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வெளியிட்டது. முதல் மூன்று வயதில் அடிக்கடி வீசிங் வரும் குழந்தைக்கு, கீழே சொல்லும் பெரிய அடையாளங்களில் குறைந்தது ஒன்று, அல்லது சிறிய அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பெரிய அடையாளங்கள் இரண்டு: பெற்றோரில் ஒருவருக்கு மருத்துவர் உறுதிசெய்த ஆஸ்துமா, அல்லது குழந்தைக்கே கரப்பான். சிறியவை மூன்று: குழந்தைக்கு மூக்கு அலர்ஜி, சளி இல்லாத நேரத்திலும் வீசிங், ரத்தத்தில் ஈசினோபில் (அலர்ஜியில் கூடும் ஒரு வகை வெள்ளை அணு) 4 சதவீதமோ அதற்கு மேலோ.

அடிக்கடி வீசிங்கோடு இதுவும் பொருந்திய குழந்தைகளில் 76 சதவீதம் பேருக்கு 6 முதல் 13 வயதுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஆஸ்துமா இருந்தது. பொருந்தாதவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த வயதுகளில் வரவில்லை. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் பெரிதாகத் தெரிகிறது. ராத்திரி முழுக்கக் குழந்தையின் மூச்சையே கேட்டபடி விழித்திருக்கும் எத்தனையோ அம்மாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கரப்பான் ஏன் இவ்வளவு முக்கியம்? தோலை இறுக்கமாக வைக்கும் ஃபிலக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் தோல் வறண்டு, வெடிப்பு வழியே தூசியும் உணவுத் துகளும் உள்ளே போய் நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடும். 2006-ல் இது தெளிவானது. கரப்பான் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குப் பின்னால் ஆஸ்துமா வருகிறது. இன்னொன்று, சிறு வயதில் ஆண் குழந்தைகளுக்கே ஆஸ்துமா அதிகம். வயதுக்கு வந்த பிறகு பெண்களிடம் அதிகம்.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டியதால் மட்டும் பிள்ளைக்கு ஆஸ்துமா வந்துவிடாது, ஏனென்றால் அது ஒற்றை மரபணு நோய் அல்ல. ஆனால் அந்தப் பொதுவான குடும்பத்தில் ஆஸ்துமா ஓடுகிறது என்றால், குழந்தைக்கு அந்தத் தன்மை இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. இதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய இன்னொரு காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 5: ஆஸ்துமா போலத் தெரியும் வேறு நோய்களை விலக்குங்கள்

குடும்பத்தில் ஆஸ்துமா உண்டு என்று தெரிந்ததும் எல்லா இருமலையும் அதன் தலையில் கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. பிறந்த சில நாட்களிலிருந்தே விடாத ஈர இருமல், எடை ஏறாமை, எண்ணெய்ப் பிசுக்கோடு நாற்றமடிக்கும் மலம், விரல் நுனி உருண்டு தடிப்பது, ஓயாத காது சீழ் ஆகியவை இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் சளி கெட்டியாகும் நோய்), சுவாசக்குழாயின் நுண்மயிர்கள் பிறவியிலேயே இயங்காத நோய் போன்றவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். இவை ஒற்றை மரபணு நோய்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் வெளிப்படுபவை. சொந்தத்தில் திருமணம் நேரடியாகக் கணக்கில் வருவது இங்கேதான்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி அன்றிலிருந்து வீசிங் என்றால் வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே போயிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இருமல், எடைக் குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் அதற்கான பரிசோதனை வேறு.

படி 6: மாற்றக்கூடியதை மாற்றுங்கள்

மரபணு போக மீதி இருக்கும் இடத்தில் நம்மால் செய்யக்கூடியவை உண்டு. வயிற்றில் இருக்கும்போதே தொடங்கலாம். ஆஸ்துமா உள்ள அம்மா, கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து இன்ஹேலரை நிறுத்திவிடுவது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். மூச்சுத்திணறல் வந்தால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். குறைப்பிரசவம், எடைக் குறைவு என்று போகும். அவையே குழந்தையின் ஆஸ்துமா வாய்ப்பைக் கூட்டும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

அடுத்து புகை. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. "மொட்டை மாடியில போய்தானே பிடிக்கிறேன்" என்பது போதாது, சட்டையிலும் மூச்சிலும் அது உள்ளே வருகிறது. சிகரெட்டைத் தடுத்துவிட்டுக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்தாலும் பயனில்லை. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று 2003-ல் வெளியான அளவீடு சொல்கிறது. கொசுவலைதான் சரி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கைக்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடும் வழக்கம் பாட்டிகளின் அன்பிலிருந்து வருவது, எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் குடும்பத்தில் ஆஸ்துமாவோ அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு அது வேண்டாம். முகத்தருகே பவுடர் தட்டுவதும் வேண்டாம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அது வாழ்நாள் காப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் வருடங்களின் வீசிங்கைக் குறைக்கிறது. தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். தலையணை, போர்வை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தை, சுவரில் ஈரக்கசிவு, கரப்பான்பூச்சி ஆகியவற்றைக் கவனியுங்கள். தூசியைக் குறைத்தால் மட்டும் ஆஸ்துமாவே வராது என்று நம்ப வேண்டாம். வந்த குழந்தைக்குத் தொல்லை குறையும். வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுப்பதில் பொருளில்லை. குறிப்பிட்ட உணவைத் தின்ற ஒவ்வொரு முறையும் தொந்தரவு வந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள்.

படி 7: தாளோடு மருத்துவரிடம் போங்கள்

எழுதிய தாளைக் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது ஆஸ்துமாவா, அடிக்கடி வரும் வைரஸ் வீசிங்கா?" "தினமும் தடுப்பு மருந்து வேண்டுமா, வரும்போது மட்டும் போதுமா?" ஐந்து ஆறு வயதுக்கு மேல் ஊதும் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம்.

இன்ஹேலர் என்றதும் வீட்டில் எழும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். "பழகிடும்", "கடைசி மருந்து அது". இரண்டும் உண்மையல்ல. சிரப்பாகக் குடித்தால் மருந்து உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, நுரையீரலுக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) மாஸ்க்கும் வைத்து இழுக்கும் மருந்து குறைந்த அளவில் நேரே அங்கே போகிறது. தடுப்பு ஸ்டீராய்டு இன்ஹேலரை வருடக்கணக்கில் எடுத்த குழந்தைகளின் உயரம் பெரியவர்களானதும் சுமார் 1 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுப்படாத ஆஸ்துமா பறிக்கும் தூக்கத்தையும் படிப்பையும் விளையாட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுவது, பேசவோ பால் குடிக்கவோ முடியாமை, உதடு நீலம் பாய்வது, குழந்தை துவள்வது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிவாரணி இன்ஹேலரை (உடனே மூச்சைத் திறக்கும் இன்ஹேலர், தினசரித் தடுப்பு இன்ஹேலர் அல்ல) கொடுத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

படி 8: தம்பி தங்கைக்கும், வளர்ந்த பிறகும்

ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா என்று உறுதியானதும் தாளில் அதையும் சேர்த்து, உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை வீடுகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் இது குடும்ப வரலாறுதான். பதின்ம வயதில் பல பையன்களுக்கு அறிகுறிகள் மறைந்துபோகும். அந்தத் தன்மை போய்விட்டது என்று அர்த்தமில்லை. சிலருக்கு இருபதுகளில், குறிப்பாகப் புகைபிடிக்கத் தொடங்கினால், திரும்ப வருகிறது. கல்லூரி விடுதிக்குப் போகும்போது அந்தத் தாளின் ஒரு பிரதியையும் காலாவதியாகாத ஓர் இன்ஹேலரையும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.